வீடுகளின் நடுவே ஒரு வித்தியாசாலை

லாப நோக்கமற்ற ஒரு பள்ளிக்கூடம் குடியிருப்புத் தெருவில் இடம் கேட்டு நிற்கும்போது, அமெரிக்க நாட்டின் சட்டமும் அங்குள்ள அண்டை வீட்டாரும் அதற்குச் சொல்லிவந்த பதில்கள், கல்வியை நேசிக்கும் எந்தச் சமூகமும் நிதானமாக ஆராய்ந்து பார்க்கத் தக்கவை.

குழந்தைகளுக்குக் கல்வி வேண்டும் என்பதில் எந்தத் தேசத்தாருக்கும் அபிப்பிராய பேதம் இல்லை. ஆனால் அந்தக் கல்வியை அளிக்கும் பள்ளிக்கூடம் எந்தத் தெருவில், எவருடைய வீட்டுக்கு எதிரே, எத்தனை பிள்ளைகளோடு நடக்க வேண்டும் என்ற கேள்வி எழுந்த மாத்திரத்தில், அதுவரை ஒருமனதாக இருந்த ஊர் இரண்டாகப் பிரிந்து நிற்பதைக் காண்கிறோம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இந்தக் கேள்வி ஏறக்குறைய ஒரு நூற்றாண்டாக நகரசபைகளிலும் நியாயஸ்தலங்களிலும் ஓயாமல் விவாதிக்கப்பட்டு வருகிறது. ஆசிரியர்களைத் தேடிப் பிடித்து, பெற்றோர்களின் நம்பிக்கையைப் பெற்று, நன்கொடை திரட்டி, பழைய மாளிகை ஒன்றையோ காலியான மனை ஒன்றையோ வாங்கிவிட்ட ஒரு தர்ம ஸ்தாபனம், இனிப் பாடம் தொடங்க வேண்டியதுதான் என்று எண்ணும் வேளையில், அந்த மனை குடியிருப்புக்கென்று ஒதுக்கப்பட்டது, அங்கே பள்ளி நடத்துவதற்குத் தனி அனுமதி வேண்டும் என்ற அறிவிப்பு வந்து அதன் வாசலில் நிற்கிறது. பணமும் படிப்பும் செய்துமுடித்த காரியம் அத்தனையும், ஊராருள் சிலர் கூடி அமர்ந்த ஒரு சிறு குழுவின் தீர்மானத்துக்குக் காத்திருக்க நேர்கிறது.

இந்த வழக்கில் இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. வாழ்நாள் சேமிப்பைப் போட்டு அமைதியான தெருவில் வீடு வாங்கியவர், காலையும் மாலையும் நூற்றுக்கணக்கான கார்கள் தம் வாசலில் வரிசைகட்டி நிற்கக் கூடாது என்று விரும்புவது சுயநலம் என்று தள்ளிவிடத் தக்கதல்ல. அவ்வாறே, பிள்ளைகள் வசிக்கும் இடத்தில்தான் பள்ளிக்கூடம் இருக்க வேண்டும், தொழிற்சாலைகளுக்கும் கிடங்குகளுக்கும் நடுவே அதைக் கொண்டுபோய் வைக்கலாகாது என்று சொல்லுகிறவரின் கூற்றும் மறுக்க முடியாதது. இவ்விரு நியாயங்களையும் எடைபோட்டு, பள்ளிக்கு இடம் உண்டா இல்லையா என்ற கேள்வியை விட்டு, இடம் எப்படி அளிப்பது என்ற கேள்விக்குச் சட்டம் வந்து சேர்ந்த வரலாறே இக்கட்டுரையின் பொருள்.

நிலத்துக்குக் கிழித்த கோடு

நிலத்தை இன்ன இடம் வீடுகளுக்கு, இன்ன இடம் கடைகளுக்கு, இன்ன இடம் ஆலைகளுக்கு என்று முன்கூட்டியே வகுத்து, அந்த வகுப்பை மீறிக் கட்டடம் எழுப்பக் கூடாதென்று நகரசபை விதிக்கும் முறைக்கு ஸோனிங் என்று பெயர். 1915-ல் நியூயார்க் நகரத்தில் ஈக்விடபிள் கட்டடம் என்னும் பிரம்மாண்டமான அடுக்கு மாளிகை எழுந்து, சுற்றிலும் இருந்த தெருக்களின் மீதும் கட்டடங்களின் மீதும் நிழலைப் பரப்பி வெளிச்சத்தை மறைத்ததும், அந்நகரம் விழித்துக்கொண்டு அடுத்த ஆண்டிலேயே நகரம் முழுவதற்குமான ஸோனிங் விதியை இயற்றியது. ஹெர்பர்ட் ஹூவர் வர்த்தக இலாகாவின் மந்திரியாக இருந்த காலத்தில், எல்லா மாநிலங்களும் பின்பற்றத் தக்க மாதிரிச் சட்டம் ஒன்று தயாரித்து வெளியிடப்படவே, அந்தப் பத்தாண்டுக்குள் இம்முறை நாடெங்கும் பரவியது.

இது அரசியல் சட்டத்துக்கு ஒத்ததா என்ற கேள்வி, ஒஹையோ மாநிலத்தில் கிளீவ்லாந்து நகரத்தை அடுத்த யூக்ளிட் என்ற சிற்றூரிலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. அங்கே 68 ஏக்கர் நிலம் வைத்திருந்த ஆம்ப்ளர் ரியால்டி என்ற கம்பெனி, ஊரின் புதிய விதியால் தன் நிலத்தின் மதிப்புக் குறைந்து நஷ்டம் ஏற்பட்டதென்று தொடுத்த வழக்கில், 1926 நவம்பர் 22-ந் தேதி, நீதிபதி ஜார்ஜ் சதர்லாந்து எழுதிய தீர்ப்பின் மூலம், ஆறு நீதிபதிகள் ஒருபுறமும் மூவர் மறுபுறமுமாக நின்று, ஊருக்கு அவ்வதிகாரம் உண்டு என்று தீர்த்தார்கள். இன்றைக்கும் அமெரிக்காவின் நிலப் பயன்பாட்டுச் சட்டங்கள் அனைத்துக்கும் அஸ்திவாரமாக இருப்பது இந்தத் தீர்ப்பே.

ஆனால் அந்த யூக்ளிட் விதியையே எடுத்து ஊன்றிப் படித்தால், நம் விஷயத்துக்கு மிகவும் முக்கியமான ஓர் அம்சம் அதில் அடங்கியிருப்பது புலப்படும். நிலப் பயன்பாட்டை ஆறு வகுப்புகளாகப் பிரித்த அந்த விதி, முதல் வகுப்பில் தனிக் குடும்பங்களின் வீடுகளோடு பூங்காக்களையும் தண்ணீர்த் தொட்டிக் கோபுரங்களையும் மின்சார ரயில் நிலையங்களையும் பயிர்த்தொழிலையும் அனுமதித்தது. பள்ளிக்கூடத்தையோ, அடுக்கு வீடுகள், ஹோட்டல்கள், ஆஸ்பத்திரிகள், மாதாகோயில்கள் முதலியவற்றோடு சேர்த்து மூன்றாம் வகுப்பில் வைத்தது. பிள்ளைகள் பிறந்து வளரும் தெருவில் ரயில் வந்து நிற்கலாம், அந்தப் பிள்ளைகள் படிக்கும் சாலை மட்டும் அங்கே இருக்கலாகாது என்று எழுதிவைத்த விதிக்குத்தான் நாட்டின் மிக உயர்ந்த நியாயஸ்தலம் முத்திரையிட்டது. ஸோனிங் சட்டம் பிறந்த அன்றே பள்ளிக்கூடம் வீட்டிலிருந்து பிரிக்கப்பட்டுவிட்டது என்று சொல்லலாம்.

அன்றியும், வீட்டுக்கு அரணாக எழுந்த இந்தக் கோடு மனிதருக்கு எதிரான வேலியாகவும் பயன்படக் கூடியதே என்பதற்கு, யூக்ளிட் தீர்ப்புக்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே சான்று இருந்தது. கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரம், எந்தத் தெருவில் வெள்ளையர் வசிக்கலாம், எந்தத் தெருவில் கறுப்பர் வசிக்கலாம் என்று வரையறுத்து விதி செய்திருந்ததை 1917-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்ய நேர்ந்தது. நகர விதியிலேயே பகிரங்கமாக நிறத்தைச் சொல்லி விலக்குவது அன்றோடு சட்டத்துக்குப் புறம்பாயிற்று. ஆனால் வேறு காரணம் சொல்லி விலக்கும் வழி திறந்தே கிடந்தது. பள்ளிக்கூடங்களும் அந்த வழியாகப் பல ஊர்களில் விலக்கப்பட்டன.

டோவர் என்னும் சிற்றூரும் ஒரு மாநிலத்தின் தீர்மானமும்

மாஸசூஸெட்ஸ் மாநிலத்தில் பாஸ்டன் நகரத்துக்குத் தென்மேற்கே உள்ள டோவர், பெரிய மனைகளும் மரங்கள் அடர்ந்த சாலைகளும் கொண்ட ஓர் அமைதியான ஊர். அவ்வூரார் 1946-ல் தங்கள் ஸோனிங் விதியைத் திருத்தி, மதச் சார்புள்ள கல்வி நிலையங்கள் குடியிருப்புப் பகுதியில் இடம் பெறாதபடி செய்தார்கள். இந்த ஒரு சிற்றூரின் விதி மாநிலம் முழுவதிலும் விவாதத்தை எழுப்பியது. இன்று ஒரு மதத்தாரின் பள்ளியை ஓர் ஊர் விலக்கினால், நாளை வேறோர் ஊர் வேறொரு பள்ளியை விலக்கும்; இவ்விதம் ஊருக்கு ஊர் கதவடைத்துக்கொண்டே போனால், தர்ம ஸ்தாபனங்கள் நடத்தும் கல்விக்கு மாநிலத்தில் நிற்க இடமில்லாமற் போகும் என்ற உண்மையை உணர்ந்த சட்டசபை, 1950-ல் ஒரு சட்டம் இயற்றியது. எந்த ஊரின் செய்கைக்குப் பரிகாரமாக அது பிறந்ததோ, அந்த ஊரின் பெயராலேயே அது டோவர் திருத்தம் என்று இன்றளவும் வழங்கி வருகிறது.

அதன் சாரம் இதுதான். மத காரியங்களுக்காகவும், அரசாங்கமோ மத ஸ்தாபனமோ லாப நோக்கமற்ற கல்வி ஸ்தாபனமோ தனக்குச் சொந்தமான அல்லது குத்தகைக்கு எடுத்த நிலத்தில் நடத்தும் கல்விக் காரியங்களுக்காகவும் நிலத்தைப் பயன்படுத்துவதை எந்த ஊரின் ஸோனிங் விதியும் தடை செய்யக் கூடாது. லாபத்துக்காக நடத்தும் பள்ளிக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை என்பது கவனிக்கத் தக்கது. வருமானத்தில் மிஞ்சியதை எவரும் பங்கிட்டுக்கொள்ளாமல், கல்விக்கே திரும்பச் செலவிடுகிற ஸ்தாபனத்தைத்தான் சட்டம் பொதுநன்மையின் அங்கமாகக் கருதி, ஊராரின் விருப்பு வெறுப்புக்கு மேலே தூக்கி வைத்தது.

இந்தப் பாதுகாப்பு எவ்வளவு தூரம் செல்லும் என்பதில் நியாயஸ்தலங்களும் சட்டசபையும் பல ஆண்டுகள் மாறிமாறிச் சிந்தித்தன. புரூக்லைன் என்ற ஊர், தனி வீடுகளுக்கு விதித்த அளவுகளையே ஒரு கல்லூரிக் கட்டடத்துக்கும் விதிக்க முற்பட்டபோது, அப்படிச் செய்வது முன்கதவால் அனுமதித்துப் பின்கதவால் தடுப்பதாகும் என்ற கருத்தில், 1964-ல் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாதென்றது. ஆனால் எந்த அளவுக்கும் கட்டுப்படாத கட்டடத்தால் அண்டை வீட்டார் படும் துன்பத்தையும் கருதவேண்டி, 1975-ல் சட்டசபை டோவர் திருத்தத்தோடு ஒரு நிபந்தனையைச் சேர்த்தது. கட்டடத்தின் பருமன், உயரம், மனையின் பரப்பு, எல்லையிலிருந்து விட வேண்டிய இடைவெளி, திறந்த வெளி, வண்டி நிறுத்துமிடம் ஆகிய இவற்றைப் பற்றி நியாயமான விதிகளை ஊர் விதிக்கலாம் என்பதே அது. நியாயமானது எது என்ற சந்தேகத்துக்கு, 1993-ல் டஃப்ட்ஸ் கல்லூரிக்கும் மெட்ஃபோர்ட் நகரத்துக்கும் நடந்த வழக்கில் விடை கிடைத்தது. ஊரின் உண்மையான அக்கறை ஒன்றுக்கு உதவாமல், கல்விப் பணியைச் சிரமப்படுத்துவதையே பலனாகக் கொண்ட விதி நியாயமானதல்ல. ஆனால் அப்படிப்பட்டதென்று நிரூபிக்கும் பொறுப்பு கல்வி ஸ்தாபனத்தையே சார்ந்தது.

மற்ற மாநிலங்கள் இப்படிச் சட்டம் செய்யாவிட்டாலும், நீதிபதிகள் வேறு வழியாக ஏறக்குறைய அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பெற்றோர் தம் பிள்ளைகளைத் தனியார் பள்ளிக்கு அனுப்பும் உரிமையை நாட்டின் உச்ச நீதிமன்றம் 1925-லேயே நிலைநாட்டியிருந்தது. அந்த உரிமைக்கு இடம் வேண்டாமா என்ற கேள்வி கலிபோர்னியாவில் எழுந்தபோது, அரசாங்கப் பள்ளியை அனுமதித்துவிட்டு அதே தரத்துத் தனியார் பள்ளியைப் பீட்மன்ட் நகரம் விலக்கிவைத்ததற்கு நியாயம் இல்லையென்று 1955-ல் அம்மாநிலத்து உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நியூயார்க் மாநிலத்தின் உயர்ந்த நியாயஸ்தலம் 1986-ல், கார்னெல் பல்கலைக்கழகமும் ஸாரா லாரன்ஸ் கல்லூரியும் தொடர்ந்த வழக்குகளை ஒன்றாக ஆராய்ந்து, பள்ளிக்கூடங்கள் பொதுநன்மைக்கு உகந்தவை என்றே முதலில் கொள்ள வேண்டும், இந்த இடம்தான் வேண்டும் என்பதற்கு அவசியத்தை நிரூபித்துக் காட்டென்று அவற்றைக் கேட்கக் கூடாது என்றது. அதோடு, போக்குவரத்து முதலிய உண்மையான தீங்குகள் சான்றோடு காட்டப்பட்டால் நிபந்தனை விதிக்கவும், மிஞ்சினால் மறுக்கவும் ஊருக்கு அதிகாரம் உண்டு என்றும் கூறி இரு தரப்பையும் காத்தது.

கல்வி என்பதன் எல்லை

இனி, கல்வி என்பது எதுவரை செல்லும் என்ற கேள்வி பிறக்கிறது. கரும்பலகையும் புத்தகமும் இருந்தால்தான் பள்ளியா? மனநோய் விடுதிகளில் நெடுங்காலம் கழித்துவிட்டு வெளியே வருகிறவர்களுக்குத் தம்மைத் தாமே பராமரித்துக்கொள்ளவும் சமைக்கவும் ஊரோடு கலந்து வாழவும் கற்பிக்கும் இல்லம் ஒன்றை ஃபிட்ச்பர்க் நகரம் தடுத்தபோது, வாழ்க்கைக்கு ஒருவரைத் தயார் செய்வதும் கல்வியே என்று மாஸசூஸெட்ஸ் நீதிமன்றம் 1980-ல் பரந்த மனத்தோடு சொல்லிற்று. பின்னர் லிங்கன் என்ற ஊரில் இதே கேள்வி மறுபடியும் எழுந்தது. தீவிரமான உணர்ச்சிக் கொந்தளிப்பால் அவதியுறும் 15 முதல் 21 வயது வரையுள்ள இளைஞர்கள் தங்கியிருந்து, தம் மனத்தை ஆளும் முறைகளைப் பயிலும் இல்லமொன்றை மக்லீன் ஆஸ்பத்திரி அங்குள்ள குடியிருப்புப் பகுதியில் நடத்த விரும்பியது. கட்டட அதிகாரி சம்மதித்தார். அண்டை வீட்டார் மேல்முறையீடு செய்தார்கள். ஊரின் ஸோனிங் குழுவும், அதன்பின் நில நீதிமன்றமும் அது சிகிச்சையே அன்றிக் கல்வி அல்ல என்றன. முடிவில் 2019-ல் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம், அங்கே நடப்பது பயிற்சியும் பாடமும் கொண்ட கல்வியே என்று தீர்த்து, அந்த இளைஞர்களுக்கு இடம் வாங்கிக் கொடுத்தது.

அதே சமயம், கல்வி என்ற பெயரைச் சூட்டிக்கொண்ட எதற்கும் சட்டம் இடம் கொடுத்துவிடவில்லை. வெஸ்டன் ஊரில் ரெஜிஸ் கல்லூரி, முதியோர் குடியிருப்புகளைக் கட்டி, அங்கே வசிப்போருக்குப் பாடங்களும் நடத்துவதாகத் திட்டமிட்டபோது, கல்வியே பிரதான நோக்கமென்று மெய்ப்பித்தாலன்றிப் பாதுகாப்பு இல்லையென்று 2012-ல் அதே நீதிமன்றம் அளவுகோலை வகுத்து, வழக்கை மறுவிசாரணைக்கு அனுப்பியது.

இவ்விதப் பாதுகாப்பில்லாத இடத்தில் என்ன நேரும் என்பதற்கு டெக்ஸஸ் மாநிலத்து கிளீபர்ன் நகரம் உதாரணமாகும். மனவளர்ச்சி குன்றிய பதின்மூன்று பேர் கூடி வாழ ஓர் இல்லம் நடத்த அங்கே அனுமதி கேட்கப்பட்டது. அதே பகுதியில் ஆஸ்பத்திரிக்கும் முதியோர் விடுதிக்கும் மாணவர் சங்க விடுதிக்கும் தனி அனுமதி வேண்டியிருக்கவில்லை. இவர்களுக்கு மட்டும் வேண்டும் என்றது நகரசபை. கேட்டபின் அதையும் மறுத்தது. அருகிலுள்ள முதியோர் அஞ்சுவார்கள், எதிரேயுள்ள பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கேலி செய்வார்கள் என்பன போன்ற காரணங்கள் சொல்லப்பட்டன. 1985-ல் நாட்டின் உச்ச நீதிமன்றம் அந்தக் காரணங்களை ஒவ்வொன்றாகப் பரிசீலித்து, அண்டையாரின் அச்சமும் வெறுப்பும் ஒருவருடைய இருப்பிடத்தை மறுப்பதற்குச் சட்டபூர்வமான காரணம் ஆகா என்று தள்ளியது. கல்வி ஸ்தாபனத்தின் மீது கூறப்படும் ஆட்சேபங்களை ஆராயும் எவரும் நினைவில் வைக்க வேண்டிய தீர்ப்பு இது.

விசாரணை மண்டபத்தில்

சட்டத்தின் தத்துவம் இவ்வாறிருக்க, நடைமுறை பெரும்பாலும் ஒரு மாலை நேரத்து நகர மண்டபத்தில் நிறைவேறுகிறது. மாஸசூஸெட்ஸில் சிறப்பு அனுமதி கேட்கும் விண்ணப்பம் கொடுத்த நாளிலிருந்து 65 நாட்களுக்குள் பகிரங்க விசாரணை நடக்க வேண்டும். அதற்கு முன் இரண்டு வாரங்கள் அடுத்தடுத்துப் பத்திரிகையில் அறிவிப்பு வெளிவர வேண்டும். மனைக்கு ஒட்டியவர்கள், எதிர்ப்புறத்தார், ஒட்டியவர்களுக்கு ஒட்டியவர்களில் 300 அடிக்குள் இருப்பவர்கள் ஆகிய அனைவருக்கும் தபாலில் தகவல் போக வேண்டும். விசாரணை முடிந்து 90 நாட்களுக்குள் தீர்மானம் வர வேண்டும். ஐந்து பேர் கொண்ட குழுவானால் நால்வர் சம்மதிக்க வேண்டும். மூவர் கொண்டதானால் மூவருமே இசைய வேண்டும். தீர்மானம் ஊர்க் குமாஸ்தாவிடம் பதிவானபின் 20 நாட்களுக்குள், அதிருப்தி அடைந்தவர் நீதிமன்றம் செல்லலாம். டோவர் திருத்தத்தின் பாதுகாப்புப் பெற்ற பள்ளிக்கு இப்படிச் சிறப்பு அனுமதி தேவையில்லை. ஆயினும் பல ஊர்கள் அதன் மனைத் திட்டத்தை ஆராய்கின்றன. ஆராய்ந்து திருத்தம் சொல்லலாமே அன்றிப் பள்ளியே கூடாதென்று சொல்ல அவற்றுக்கு அதிகாரம் இல்லை. கல்வியின் தரத்தைப் பற்றிய தீர்மானம் வேறோர் இடத்துக்கு உரியது. தனியார் பள்ளியில் கற்பிப்பது அரசாங்கப் பள்ளிக்கு நிகரானதா என்பதை அவ்வூரின் பள்ளிக் கமிட்டிதான் பார்த்து அங்கீகரிக்கிறது.

விசாரணையில் எழும் ஆட்சேபங்களை ஆண்டாண்டாகக் கவனித்தவர்களுக்கு அவற்றின் வரிசை மனப்பாடம். முதலாவது போக்குவரத்து. பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் கார்கள் ஒரே அரைமணி நேரத்தில் வந்து சேர்வதால், வரிசை பள்ளி மனைக்குள் அடங்காமல் தெருவுக்கு நீளும். பக்கத்து வீட்டார் வண்டியை வெளியே எடுக்க முடியாது. ஆபத்துக்கு அழைத்த ஆம்புலன்ஸ் தாமதிக்கும். இரண்டாவது விளையாட்டு மைதானத்தின் இரைச்சலும் இரவு விளக்குகளின் வெளிச்சமும். மூன்றாவது, மாலை வேளைகளிலும் விடுமுறை நாட்களிலும் நடக்கும் கூட்டங்கள். நான்காவது, வீட்டின் விலை குறையும் என்ற அச்சம். ஐந்தாவது, லாப நோக்கமற்ற ஸ்தாபனம் சொத்து வரியிலிருந்து விலக்குப் பெறுவதால் அந்தச் சுமை மற்ற வீட்டாரின் தலையில் விழுகிறது என்ற குறை.

இவற்றுள் முதல் மூன்றும் மெய்யானவை, அளக்கத் தக்கவை, ஆகையால் தீர்க்கத் தக்கவை. போக்குவரத்துப் பொறியாளர் தெருமுனையில் வண்டிகளை எண்ணிக் கணக்குக் கொடுக்கிறார். கார் வரிசை முழுவதும் மனைக்குள்ளேயே வளைந்து நிற்கும்படி பாதை அமைக்கப்படுகிறது. வகுப்புகள் தொடங்கும் நேரம் பிரிக்கப்படுகிறது. பஸ் ஏற்பாடு செய்யப்படுகிறது. மாணவர் தொகைக்கு உச்ச வரம்பும், காலை நேரத்தில் வந்துபோகும் வண்டிகளுக்கு ஓர் எண்ணிக்கையும் நிபந்தனையாக எழுதப்படுகின்றன. ஆண்டில் எத்தனை மாலை விழாக்கள், எத்தனை மணிக்கு விளக்கணைப்பு என்பதும் அதில் சேர்கிறது. நான்காவது அச்சம் பெரும்பாலும் சான்றின்றிச் சொல்லப்படுவது. ஐந்தாவது, சட்டசபையில் பேச வேண்டிய விஷயமே அன்றி ஒரு பள்ளியின் விண்ணப்பத்தின் மீது தீர்க்க வேண்டியதன்று. ஆட்சேபங்களை இவ்வாறு தரம் பிரித்துப் பார்க்கும் பொறுமை உள்ள குழுவின் முன்னிலையில், பகைமையோடு வந்தவர்களும் பல சமயங்களில் சம்மதத்தோடு திரும்புகிறார்கள்.

கொடுத்த வாக்கு

அனுமதி பெற்றவுடன் பள்ளியின் கடமை முடிந்துவிடுவதில்லை. உண்மையில் அன்றுதான் அது தொடங்குகிறது. இதற்குக் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரத்தில் நடந்த நீண்ட விவாதம் ஒரு பாடமாக நிற்கிறது. 1907-ல் தோன்றி, வீடுகள் சூழ்ந்த தெருவில் பெண்களுக்காக நடந்துவரும் காஸ்டிலேயா என்ற புகழ்பெற்ற பள்ளிக்கு, 2000-ல் நகரசபை அளித்த அனுமதி 415 மாணவியர் என்று வரம்பு கட்டியிருந்தது. காலப்போக்கில் தொகை அந்த வரம்பைத் தாண்டியது. அது வெளியானதும் 2013-ல் நகரம் அபராதம் விதித்தது. பின்னர் 2016-ல், கட்டடங்களைப் புதுப்பித்துத் தொகையை 540 ஆக உயர்த்த வேண்டுமென்று பள்ளி விண்ணப்பித்தபோது, பெண் கல்விக்கு இடம் கொடுக்க மனமுள்ளவர்களிலேயே பலர், முன்பு எழுதிக்கொடுத்த எண்ணே காக்கப்படவில்லையே என்று கேட்டார்கள். ஆறு ஆண்டுகள் விசாரணைகள் நீண்டன. தெருவெங்கும் ஆதரவுப் பலகைகளும் எதிர்ப்புப் பலகைகளும் நின்றன. 2022-ல் நகரசபை முதற்கட்டமாக 450 மாணவியருக்குச் சம்மதித்து, போக்குவரத்தைப் பற்றிக் கடுமையான நிபந்தனைகளை விதித்தது.

முப்பத்தைந்து பிள்ளைகளை அதிகமாகச் சேர்ப்பதற்கு ஆறு ஆண்டுகள் ஆனதென்றால், அதற்குச் சட்டத்தின் சிக்கல் ஒரு காரணம். இழந்த நம்பிக்கையின் விலை அதைவிடப் பெரிய காரணம். நூறு ஆண்டு நற்பணியாலும் நன்மதிப்பாலும் ஈடுசெய்ய முடியாத குறையை, ஒரே ஓர் எண்ணைக் காக்கத் தவறியது உண்டாக்கிவிட்டது. பள்ளிக்கூடம் பிள்ளைகளுக்குச் சத்தியத்தைக் கற்பிக்கிற இடம். அது தன் அண்டை வீட்டாருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவது அந்தப் பாடத்தின் பகுதியே. டோவர் திருத்தம் போன்ற வலிமையான சட்டம் துணை நிற்கும் இடங்களில் இந்தக் கடமை இன்னும் பெரிதாகிறது. ஏனெனில், அங்கே ஊரார் வேண்டாமென்று சொல்லும் உரிமையையே கல்வியின் பொருட்டு விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

இந்த விஷயம் நம்மவர்களுக்கும் நெருங்கிய சம்பந்தமுடையது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் குடியேறிய தமிழ்ப் பெற்றோர்கள், லாப நோக்கமற்ற சங்கங்களாகத் தம்மைப் பதிவு செய்துகொண்டு, வார இறுதியில் அரசாங்கப் பள்ளிகளின் வகுப்பறைகளை வாடகைக்குப் பிடித்து, தம் சந்ததிக்குத் தமிழ் கற்பித்து வருகிறார்கள். வகுப்பறைகளின் வாடகை உயர்ந்தும் இடம் நிச்சயமற்றும் போகும்போது, சொந்தமாக ஒரு கட்டடம் வேண்டும் என்ற ஆசை அந்தச் சங்கங்களுக்கு இயல்பாக எழும். அன்று அவர்களும் ஒரு நகர மண்டபத்தில், தம் மொழியை அறியாத அண்டை வீட்டாரின் முன்னே நின்று, நாங்கள் வந்தால் உங்கள் தெருவுக்கு நன்மையே என்று எடுத்துரைக்க வேண்டியிருக்கும். நிலத்தை வாங்குமுன்பே ஸோனிங் வரைபடத்தைப் பார்த்தல், சங்கத்தின் அமைப்புப் பத்திரத்தில் கல்வி என்ற நோக்கம் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதா என்று சோதித்தல், விண்ணப்பம் கொடுப்பதற்கு முன்னரே சுற்றுப்புற வீடுகளுக்கு நேரிற் சென்று திட்டத்தைக் காட்டி அவர்கள் சொல்லும் குறைகளைக் கேட்டு வரைபடத்தைத் திருத்துதல் ஆகிய இவை, பின்னால் வக்கீலுக்குச் செலவிடும் பெருந்தொகையைவிட அதிகப் பலன் தரும் காரியங்கள்.

இரண்டு வேண்டுகோள்களோடு இக்கட்டுரையை முடிக்கலாம். பள்ளி தொடங்க முன்வரும் நன்மக்களே, சட்டம் உங்கள் பக்கம் இருந்தாலும் அதை முதல் வார்த்தையாகப் பேசாதீர்கள். எத்தனை பிள்ளைகள், எத்தனை வண்டிகள், எத்தனை மணிவரை என்பதை நீங்களே முன்வந்து எழுதிக்கொடுத்து, எழுதிய எண்ணை எந்தச் சௌகரியத்துக்காகவும் மீறாதீர்கள். அத்தெருவில் வசிக்கும் நல்லவர்களே, அறிவிப்பு வந்ததும் விசாரணைக்குத் தவறாமல் செல்லுங்கள். வண்டி எங்கே நிற்கும், பந்து எங்கே விழும், விளக்கு எப்போது அணையும் என்று விடாமல் கேளுங்கள். ஆனால் பள்ளிக்கூடமே வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள். கல்வி ஊருக்கு வேண்டுமானால், அது யாரேனும் ஒருவருடைய வீட்டுக்குப் பக்கத்தில்தான் நடந்தாக வேண்டும்.